பாட்டு யாருக்குச் சொந்தம்?

தச்சன் ஒருவன் நாற்காலி ஒன்றைச் செய்து விற்கிறான். விலை கைமாறியதும் நாற்காலி வாங்கியவனுக்கு உரியதாகிவிடுகிறது. தச்சனின் கைத்திறன் தச்சனிடமே இருக்கிறது. அதைக் கொண்டு நாளை வேறொரு நாற்காலியைச் செய்துகொள்வான். இதில் வழக்கும் இல்லை, வாதமும் இல்லை. பாடகன் ஒருவனின் பாட்டைத் தட்டில் பதிந்து விற்கும்போது காரியம் இவ்வளவு எளிதில் முடிவதில்லை. ஒரே பாட்டு ஆயிரம் தட்டாகிறது, இலட்சம் தட்டாகிறது, பாடியவன் மறைந்த பின்னும் விற்றுக்கொண்டேயிருக்கிறது. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? பாடியவனுக்கா, பணம் போட்டுப் பதிந்தவனுக்கா, கேட்டு மகிழும் மக்களுக்கா? மூவருக்கும் அதில் ஹக்கு உண்டென்றால் எவருடைய ஹக்கு முந்தியது?

இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அது வேறிடத்தில் பேச வேண்டியது. உழைப்பு, உடைமை, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உரசிப் பார்க்கும் இடம் என்ற அளவிலேயே இசைத்தட்டு வாணிகத்தை எடுத்துக்கொள்கிறோம். மேலை நாட்டு இசைக் கலைஞர்கள் சிலர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தட்டுகளைத் தாமே வெளியிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இலாபத்தை நாடாத நிறுவனங்களையும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும், நான்கு பேர் கூடி ஒரு நற்காரியத்தைத் தொடங்கி நடத்த நினைக்கும் எவருக்கும் பாடமாகத் தக்கவை.

வழக்கமான ஏற்பாடு

பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் நெடுங்காலம் நிலவிய ஏற்பாட்டை முதலில் அறிந்துகொள்வோம். நிறுவனம் கலைஞனுக்கு முன்பணம் கொடுக்கும். பதிவுக்கூடச் செலவையும் ஏற்கும். தட்டு விற்றால் அதன் விலையில் ஒரு சிறு விழுக்காடு கலைஞனின் பங்காகக் கணக்கில் எழுதப்படும். அந்தப் பங்கு உடனே அவன் கைக்கு வந்துவிடாது. முன்பணமும் பதிவுச் செலவும் அந்தப் பங்கிலிருந்தே கழிக்கப்படும். கழித்து மிஞ்சினால்தான் அவனுக்குக் காசு.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பணமும் பதிவுச் செலவுமாக 1,00,000 ரூபாய் ஆயிற்று என்றும், ஒரு தட்டின் விலை 100 ரூபாய் என்றும், கலைஞனின் பங்கு நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். 10,000 தட்டுகள் விற்ற பிறகே அவன் கணக்கு நேராகும். அதற்குள் கடைகளில் வசூலான தொகை 10,00,000 ரூபாய். அந்தப் பத்து இலட்சத்தில் பாடியவனுக்குப் புதிதாக ஒரு காசும் சேர்ந்திராது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று நம் முன்னோர் சொன்னது இவனுக்கும் பொருந்தும்.

இதைவிடக் கடுமையானது அடுத்து வருகிறது. கணக்கு நேரான பின்னும் மூலப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். நகையை அடகு வைத்தவன் கடனை அடைத்துவிட்டால் நகை வீடு திரும்பும். இங்கே கடனும் அடைபடுகிறது, நகையும் திரும்புவதில்லை.

நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். வெளியிடும் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை போட்ட முதலை எடுப்பதில்லை. தட்டு விற்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தா என்று கலைஞனை யாரும் வழக்கமாகக் கேட்பதில்லை. ஆகவே ஆபத்து முழுவதும் எங்களுடையது, உடைமையும் எங்களுடையதே என்பது அவர்கள் வாதம். இது பொய்யான வாதமன்று, குறைபட்ட வாதம். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இருவரும் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் முளாரபா என்னும் கூட்டு வாணிகத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதில் நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். இரண்டும் இழப்பாகவே மதிக்கப்படும். விற்காத தட்டுக்காகத் தன் வாழ்நாளில் ஈராண்டைச் செலவழித்த கலைஞனும் ஆபத்தை ஏற்றவனே. பண இழப்பை மட்டும் ஆபத்தென்று எழுதி, ஆயுள் இழப்பை எழுதாமல் விடும் பேரேடு நேரான பேரேடு ஆகாது.

சொந்தப் பெயரையும் இழந்தவர்

1952ஆம் ஆண்டு நியூயார்க்கில் சார்ல்ஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் என்னும் இரு கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் 'டெபியூ' என்ற பெயரில் தமக்கென ஒரு தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு மே 15 அன்று கனடாவின் டொரான்டோ நகரில் மாஸி மண்டபத்தில் அவ்விருவரும், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லி பார்க்கர் ஆகியோரும் சேர்ந்து வாசித்த கச்சேரியை அந்த நிறுவனமே தட்டாக வெளியிட்டது. ஜாஸ் இசையின் தலைசிறந்த பதிவுகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

அந்தத் தட்டின் உறையில் சார்லி பார்க்கரின் பெயர் இல்லை. 'சார்லி சான்' என்றொரு பெயரே அச்சிடப்பட்டிருந்தது. பார்க்கர் அப்போது வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். வேறிடத்தில் தம் பெயரில் தட்டு வெளியிட அவருக்கு உரிமை இல்லை. தம் காலத்தின் மிகப் பெரிய கலைஞர்களுள் ஒருவர், தாமே ஊதிய இசைக்குத் தம் பெயரை இட்டுக்கொள்ள முடியாமல் போனார். பெற்றோர் இட்ட பெயர் மனிதனோடு பிறந்த சொத்து என்றே நாம் எண்ணுகிறோம். அதுவும் விலைப் பொருளாகிவிட்ட பிறகு கலைஞனிடம் எஞ்சியிருப்பது மூச்சு மட்டுமே. தமக்கென ஒரு நிறுவனம் வேண்டுமென்று மிங்கஸும் ரோச்சும் ஏன் எண்ணினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் இல்லாதவன் என்ன செய்வான்?

டெபியூ நிறுவனம் 1957ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. அந்த எண்ணம் ஓயவில்லை. சார்ல்ஸ் டாலிவர், ஸ்டான்லி கவல் என்னும் இருவர் தாம் பதிந்த இசையை வெளியிடப் பெரிய நிறுவனம் எதுவும் முன்வராததால் 1971இல் 'ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்' என்ற நிறுவனத்தை நியூயார்க்கில் ஏற்படுத்தினார்கள். அதன் விதி எளியது. கலைஞன் தன் செலவில் பதிவை முடித்துக்கொண்டு வரவேண்டும். நிறுவனம் அதைத் தட்டாக்கி விற்றுக் கொடுக்கும். வருவாயில் பெரும்பங்கும் மூலப்பதிவின் உடைமையும் கலைஞனிடமே நிற்கும். வழக்கமான ஏற்பாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற விதி இது.

1974இல் கில் ஸ்காட்-ஹெரானும் பிரையன் ஜாக்சனும் சேர்ந்து செய்த 'விண்டர் இன் அமெரிக்கா' என்ற தொகுப்பை இந்நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்த ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. நற்செய்திதான். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் தட்டைக் கொண்டு சேர்ப்பது அந்தச் சிறிய நிறுவனத்துக்குப் பெரும்பாடாயிற்று. அச்சிடுவதற்கு இன்றே காசு வேண்டும். விற்ற காசோ கடைக்காரரிடமிருந்து மாதங்கள் கழித்தே திரும்பும். அவ்விருவரின் அடுத்த தொகுப்பு 1975இல் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்தே வெளிவந்தது. தோல்வி சிறு நிறுவனத்தை மெல்லக் கொல்லும். வெற்றியோ சில நேரம் ஒரே ஆண்டில் மூச்சு முட்ட வைத்துவிடும்.

இங்கே வேறொரு கேள்வியும் எழுகிறது. தன் செலவில் பதிவை முடித்துக்கொண்டு வா என்பது உடைமையை மதிக்கும் விதி. ஆனால் கையில் காசில்லாத கலைஞன் எங்கே போவான்? உடைமையை அவனிடம் விட்டபோது சுமையையும் அவன் தலையிலேயே வைத்துவிட்டோம். கலைஞனே உடைமையாளன் என்ற கொள்கை, ஓரளவு வசதி படைத்த கலைஞனுக்கே பயன்படும் கொள்கையாகச் சுருங்கிவிடும் ஆபத்து இதில் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இலாபம் கருதாப் பொது நிறுவனம் தேவைப்படுகிறது.

இலாபமின்மையின் பொருள்

இலாபம் கருதா நிறுவனம் என்றால் பணமே ஈட்டாத நிறுவனம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. அந்நிறுவனம் விற்கலாம், வாங்கலாம், செலவு போக உபரியும் சேர்க்கலாம். அந்த உபரி எவருடைய சட்டைப் பைக்கும் போகக்கூடாது. தொடங்கிய நோக்கத்துக்கே திரும்ப வேண்டும். இவ்வளவுதான் அதன் இலக்கணம். வக்ஃபுச் சொத்தையும் முதவல்லியையும் அறிந்த நம் வீடுகளுக்கு இது விளங்காத கருத்தன்று. ஆள்பவர் இருப்பார், உடையவர் இருக்கமாட்டார்.

1966இல் கார்லா பிளே, மைக்கேல் மாண்ட்லர் முதலியோர் நியூயார்க்கில் 'ஜாஸ் கம்போசர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா அசோசியேஷன்' என்ற இலாபம் கருதாச் சங்கத்தை அமைத்தார்கள். எந்த வாணிக நிறுவனமும் துணியாத பெரும்பணிகளை அது மேற்கொண்டது. 1971இல் அது வெளியிட்ட 'எஸ்கலேட்டர் ஓவர் த ஹில்' என்ற படைப்பு மூன்று தட்டுகள் கொண்டது. மறு ஆண்டு அச்சங்கம் ஒரு விநியோகப் பிரிவையும் திறந்தது. தனித்து நிற்கும் கலைஞர் எவர் தட்டு அனுப்பினாலும், விற்குமா விற்காதா என்று பாராமலும், தம் இரசனைக்கு ஒத்ததா என்று எடை போடாமலும் ஏற்றுக்கொள்வது அந்தப் பிரிவின் விதி. வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டிய எத்தனையோ தட்டுகள் இதனால் கடல் கடந்து சென்றன.

1990இல் பணமுடையால் அந்தப் பிரிவு மூடப்பட்டது. யாரையும் திருப்பி அனுப்பாத கதவு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு செலவு மிக்கது. விற்காத தட்டுக்கும் கிடங்கு வாடகை உண்டு. அஞ்சல் செலவு உண்டு. இலாபத்தைத் துறந்தவனை நட்டம் துறந்துவிடுவதில்லை. துறவு மனத்துக்கு உரியது. கணக்கு ஏட்டுக்கு உரியது. இரண்டில் ஒன்றை மட்டும் கற்றவர் நடத்தும் நற்பணிகள் நல்ல பெயரோடு மூடப்படுகின்றன.

வாய்ச்சொல்லும் எழுத்தும்

ஒப்பந்தம் என்ற சொல்லே கலைஞர்களுக்குக் கசந்துபோன காலத்தில், ஒப்பந்தமே வேண்டாம் என்று இரு நிறுவனங்கள் துணிந்தன. ஒன்று இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் 1978இல் டோனி வில்சனும் அவருடைய தோழர்களும் தொடங்கிய 'ஃபாக்டரி'. இசைக்கலைஞருக்கே எல்லாம் சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை, விரும்பிய நேரத்தில் கலைஞர் விலகிப் போகலாம் என்னும் கருத்தில் வில்சன் தம் இரத்தத்தாலேயே எழுதிக் கையெழுத்திட்டார் என்று கூறுவார்கள். இலாபத்தைச் சரிபாதியாகப் பங்கிடுவது அவர்கள் வழக்கம்.

மற்றொன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980இல் இயன் மக்காய், ஜெஃப் நெல்சன் என்னும் இளைஞர்கள் தொடங்கிய 'டிஸ்கார்ட்'. தாம் சேர்ந்திருந்த இசைக்குழு கலைந்தபோது, கச்சேரிகளில் கிடைத்துப் பங்கிடாமல் வைத்திருந்த சில நூறு டாலரைக் கொண்டு அவர்கள் 1,000 தட்டுகளை அச்சிட்டார்கள். உறை செய்வதற்குக் காசில்லை. பழைய உறையொன்றைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் தாளை வெட்டி, மடித்து, தம் கையாலேயே ஒட்டினார்கள். சட்டப்படி இது இலாபம் கருதா நிறுவனமன்று. ஆயினும் செலவு போக மிஞ்சியதைக் குழுவோடு பகிர்ந்துகொள்வது, எழுத்து ஒப்பந்தம் கேட்பதில்லை, தட்டின் விலையைக் குறைவாக வைப்பது என்பவை அதன் நெறிகள். அதிலிருந்து எழுந்த 'ஃபுகாசி' என்ற குழு புகழின் உச்சியில் நின்ற காலத்திலும் தன் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டைப் பெரும்பாலும் 5 டாலருக்கே விற்றது.

இரண்டுக்கும் கொள்கை ஏறத்தாழ ஒன்றே. முடிவு வேறு. ஃபாக்டரி 1992 நவம்பரில் திவாலாயிற்று. 1982இல் திறந்த இரவு விடுதி விழுங்கிய பணமும், தகுதிக்கு மீறிய பிற செலவுகளும் அதை அடித்துச் சென்றன. டிஸ்கார்டோ நாற்பதாண்டு கடந்தும் நிற்கிறது. ஒன்று நம்பிக்கையோடு ஊதாரித்தனத்தைச் சேர்த்தது. மற்றது நம்பிக்கையோடு சிக்கனத்தைச் சேர்த்தது. நம்பிக்கையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு இதனால் வாழ்ந்தது, இதனால் வீழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவதற்கில்லை.

ஃபாக்டரியின் வீழ்ச்சியில் ஒரு விந்தையும் உண்டு. அதை விலைக்கு வாங்க வந்த லண்டன் ரெகார்ட்ஸ் நிறுவனம் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தபோது, வாங்கத் தக்க பெரிய சொத்தாகிய 'நியூ ஆர்டர்' குழுவின் பதிவுகள் ஃபாக்டரிக்குச் சொந்தமாகவே இல்லை என்பது தெரியவந்தது. விற்பனை முறிந்தது. வாணிகக் கண்ணுக்கு இது மூடத்தனம். ஆனால் கடன்காரர் வீட்டு வாசலில் நின்ற அன்று, அந்தப் பழைய வாக்கே கலைஞரின் உடைமையை அவர்களிடம் சேர்த்தது. நிறுவனம் இறந்தது, அமானிதம் பிழைத்தது.

இதைக் கண்டு எழுத்தே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஃபாக்டரியில் கலைஞரைக் காத்ததும், 'உம்முடையது உமக்கே' என்ற ஒரு சிறு எழுத்துத்தான். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும் கடமையைப் படித்தறிந்த நமக்கு இது புதிதன்று. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமன்று. நாளை நினைவு தடுமாறும்போது நட்பைக் காப்பாற்றும் சாட்சி. அஞ்ச வேண்டியது ஒப்பந்தத்தையன்று, ஒருபக்கம் சாய்ந்த ஒப்பந்தத்தை.

கேட்பவரின் ஹக்கு

பாடியவனும் பணம் போட்டவனும் வழக்காடும்போது மூன்றாமவரை நாம் மறந்துவிடுகிறோம். அவர் கேட்பவர். மோசஸ் ஆஷ் என்பவர் 1948இல் நியூயார்க்கில் 'ஃபோக்வேஸ்' நிறுவனத்தை நிறுவினார். நாட்டுப் பாடல், பழங்குடியினர் இசை, கவிதை, பறவைகளின் ஒலி என்று உலகின் குரல்களையெல்லாம் தட்டில் சேர்த்தார். அவர் வெளியிட்டவை இரண்டாயிரத்துக்கும் மேல். வெளியிட்ட எந்தத் தட்டையும், ஆண்டுக்கு ஒருசில படிகளே விற்றாலும், பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது அவருடைய விரதம். அரிதாகப் பயன்படும் எழுத்தை நெடுங்கணக்கிலிருந்து எடுத்துவிடுவோமா என்று அவர் கேட்டதாகச் சொல்வதுண்டு. ஔகாரத்தை எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் நமக்கு விளங்கும். 1986இல் ஆஷ் மறைந்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் பொது நிறுவனமாகிய ஸ்மித்சோனியன் அதைப் பெற்றுக்கொண்டது. எல்லாத் தட்டுகளும் என்றும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒப்படைப்பிலேயே இருந்தது.

கேட்பவரின் ஹக்கு இங்கே நிறைவேறிற்று. ஆயினும் கலைஞருக்குப் பணம் கொடுப்பதில் ஆஷ் தாராளமானவர் என்று பெயரெடுக்கவில்லை. ஒருவர் ஹக்கை நிறைவேற்ற மற்றொருவர் ஹக்கைக் குறைத்தல் நம் நற்பணிகளில் அடிக்கடி நேர்வது. பொதுநன்மை என்ற பெரிய சொல்லைச் சொல்லி, எழுதியவனுக்கும் கற்பித்தவனுக்கும் உரிய சிறு தொகையை மறந்துவிடுவது எளிது. நோக்கம் உயர்ந்தது என்பதற்காகக் கூலி குறைந்துவிடக்கூடாது.

நல்லவர் போன பின்

இக்காலத்தில் தட்டு மறைந்து, இசை கணினி வழியே வீடு வந்து சேர்கிறது. உடைமைக் கேள்வி மட்டும் மறையவில்லை. 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப்' என்னும் இணையக் கடையில் கலைஞர் தாமே விலை குறித்து நேரே விற்கலாம். கடை எடுத்துக்கொண்ட கழிவு சிறிது. தனித்து நிற்கும் கலைஞர் பல்லாயிரவர் அதை நம்பினார்கள். 2022இல் அதை விளையாட்டு மென்பொருள் நிறுவனம் ஒன்று வாங்கியது. 2023இல் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. அப்போது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். தம் கடை என்று எண்ணியிருந்த கலைஞர்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை, கடை அவர்களுடையதன்று.

நல்ல மனிதர் ஒருவரிடம் இருக்கும் நிறுவனமும், நல்ல அமைப்பில் இருக்கும் நிறுவனமும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. முதலது அவர் ஆயுள் வரை, அல்லது அவருக்கு விலை வரும் வரை நல்லது. இரண்டாவது, நடத்துபவர் மாறினாலும் நோக்கம் மாறாதபடி கட்டப்பட்டது. கலைஞரே பங்காளிகளாக இருக்கும் கூட்டுறவும், உடையவர் இல்லாத பொது அமைப்பும் மெதுவாக நடப்பவை. கூட்டங்கள் நீளும், கருத்து வேறுபாடு மூளும். அந்தத் தாமதமே அவற்றின் காவலும் ஆகும். பலரைக் கேட்டே விற்க முடியும் என்ற பொருளை ஒரே இரவில் விற்றுவிட முடியாது.

எனவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வாறு அமையலாம். உடைமை படைத்தவனுக்கு. காவல் நிறுவனத்துக்கு. பயன் கேட்பவருக்கு. முதல் போட்டவருக்கு அவர் முதலும் நியாயமான பங்கும். அதற்கு மேல் நிரந்தர உரிமை இல்லை. முதலற்ற கலைஞனுக்குக் கை கொடுக்க, வென்ற தட்டின் உபரியிலிருந்து ஒரு பகுதி பொதுவில் நிற்க வேண்டும். இவையெல்லாம் எளிய மொழியில் எழுதப்பட்டு, எவரும் பார்க்கத் திறந்த கணக்காக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இப்படி நடக்கும் நிறுவனம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதன் பொருள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மலிந்த விலைக்கும் எப்போதும் கிடைக்காது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் கலைஞர் மட்டும் அல்லர், நாமுமே. இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, செய்தவன் ஏன் வறியவனாக இருக்கிறான் என்று வியப்பதில் நியாயமில்லை. ஒரு நூலை, ஓர் இதழை, ஒரு குரலை அதன் உரிய விலை கொடுத்து வாங்குகிறவர், விற்பவருக்கு உதவி செய்யவில்லை. தாம் பட்ட கடனைத் தீர்க்கிறார்.